முன்கூட்டிப் போட்ட கையெழுத்து

தாராசுரத்தில் யாராவது செக் புக்கைத் தொலைத்துவிட்டால், வங்கிக்குப் போகும் வழியில் என் வீட்டு வாசலிலும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போவார்கள். வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் நான். படபடப்போடு அவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, "எத்தனை லீஃப் மிச்சம் இருந்துச்சு?" என்று நான் கேட்பதில்லை. "கையெழுத்துப் போட்டது ஏதாவது அதுக்குள்ள இருந்துச்சா?" என்பதுதான் என் முதல் கேள்வி. பாதிப் பேருக்கு அங்கேதான் முகம் மாறும்.

அண்மையில் வந்தவர் ஒரு பட்டுச் சேலை வியாபாரி. சரக்கோடு வெளியூர் கிளம்பும் முன் நாலைந்து லீஃபில் கையெழுத்துப் போட்டுக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். ஜரிகைக் கடைக்காரர் வருவார், கூலிக்குத் தறிக்காரர் வருவார், முதலாளி ஊரில் இல்லை என்று வேலை நிற்கக் கூடாது அல்லவா? கணக்குப்பிள்ளை அந்தப் பையைக் கும்பகோணம் டவுன் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டார். "மேடம், அவர் மேல எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார் முதலாளி. எனக்கும் இல்லை. ஆனால், பையை எடுத்தவர் யார் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கையெழுத்தில்லாத லீஃப் தொலைந்தால் நஷ்டம் பெரும்பாலும் அலைச்சலோடு போகும். திருடியவர் உங்கள் கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போட்டுப் பணம் எடுத்தால், சட்டத்தின் பார்வையில் அது உங்கள் உத்தரவே அல்ல. வங்கி அதை உங்கள் கணக்கில் பற்று வைக்க முடியாது. கனரா வங்கி தொடர்பான ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1987-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாஸ் புத்தகத்தை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்ற காரணத்தை மட்டும் காட்டி வாடிக்கையாளர் தலையில் நஷ்டத்தைக் கட்ட முடியாது என்றும் சொன்னது.

கையெழுத்துப் போட்ட லீஃபின் கதை வேறு. அங்கே கையெழுத்து அசல். வங்கியின் கணினியும் ஒப்புக்கொள்ளும், நீதிமன்றமும் ஒப்புக்கொள்ளும். செலாவணி முறிச் சட்டம் 1881-ம் ஆண்டுப் பழசு. அதில் 1989 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 138-வது பிரிவுதான் 'செக் பவுன்ஸ்' வழக்குக்கு அடிப்படை. இரண்டு வருஷம் வரை சிறை, செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம். கையில் செக் வைத்திருப்பவர் கடனுக்காகத்தான் அதை வாங்கினார் என்று நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பாரம் கையெழுத்துப் போட்டவருடையது.

'ரங்கப்பா வழக்கு' என்று வக்கீல்கள் சொல்லும் கர்நாடக வழக்கு இதற்குச் சரியான பாடம். 45,000 ரூபாய் செக். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக் தொலைந்துபோனது, அது எதிராளி கையில் சிக்கிவிட்டது என்பதுதான் குற்றம்சாட்டப்பட்டவரின் வாதம். விசாரணை நீதிமன்றம் விடுவித்தது, உயர் நீதிமன்றம் குற்றவாளி என்றது, 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. வந்த வக்கீல் நோட்டீசுக்கு அவர் பதிலே அனுப்பவில்லை என்பதை நீதிபதிகள் குறிப்பாகச் சுட்டிக்காட்டினார்கள். "தொலைஞ்சு போச்சுங்க" என்று பிறகு கோர்ட்டில் சொல்வதற்கு மதிப்பு இல்லை. தொலைந்த அன்றே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

அன்றே என்று நான் அழுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. முன்பெல்லாம் செக் கிளியரிங் ஆக ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். "நாளைக்குக் காலைல போய் மேனேஜரைப் பார்த்துக்கலாம்" என்று சொல்ல நேரம் இருந்தது. 2025 அக்டோபர் 4 முதல் ரிசர்வ் வங்கி அந்த முறையை மாற்றிவிட்டது. பகலில் வரும் செக்குகளின் படம் உடனுக்குடன் போய்ச் சேருகிறது. பணம் கொடுக்க வேண்டிய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் பதில் சொல்லாவிட்டால், ஒப்புக்கொண்டதாகவே கணக்கு. நியாயமாக வர வேண்டிய பணம் சீக்கிரம் வருவதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் செக் புக்கைத் தொலைத்தவருக்கு இருந்த அவகாசம் நாள் கணக்கிலிருந்து மணிக் கணக்குக்கு இறங்கிவிட்டது. இதை எங்கள் காய்கறி மார்க்கெட் மண்டிக்காரர்களில் எத்தனை பேருக்கு வங்கிகள் சொல்லியிருக்கின்றன?

மூன்று மாசம் போனால் செக் செல்லாது என்று ஆறுதல் சொல்வோரும் உண்டு. அது செக்கில் போட்டிருக்கும் தேதியிலிருந்து கணக்கு. தொலைந்த வெற்று லீஃபில் தேதியே இல்லையே! கண்டெடுத்தவர் என்றைக்குத் தேதி போடுகிறாரோ அன்றைக்கு அது புதுச் செக்.

ஆகவே வரிசை இதுதான். முதலில் வங்கியின் ஆப், நெட் பேங்கிங், போன் எது கைக்குக் கிடைக்கிறதோ அதில் 'ஸ்டாப் பேமென்ட்' கொடுங்கள். செக் நம்பர் ஆறு இலக்கம். முதல் லீஃப், கடைசி லீஃப் இரண்டின் நம்பரும் வேண்டும். அதனால் புது செக் புக் வந்த அன்றே இரண்டையும் வீட்டு டைரியில் குறித்துவையுங்கள். அடுத்து கிளைக்குப் போய்க் கடிதம் கொடுங்கள். எந்த லீஃபில் கையெழுத்து இருந்தது என்பதை மறைக்காமல் அதில் எழுதுங்கள். நகலில் தேதியும் நேரமும் போட்டு முத்திரை வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள். பிறகு காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். கணக்கில் பணத்தைத் துடைத்து எடுத்துவிடவும் கூடாது. ஸ்டாப் பேமென்ட்டால் திரும்பிய செக்குக்கும் 138 பாயும் என்று உச்ச நீதிமன்றம் 1998-ல் சொன்னது. கணக்கில் பணம் இருந்தது, நிறுத்தியதற்கு நியாயமான காரணமும் இருந்தது என்று நிரூபித்தால் குற்றமில்லை என்று 2001-ல் விளக்கியது. வக்கீல் நோட்டீஸ் வந்தால் 15 நாள் ஓடுவதற்குள் பதில் போக வேண்டும். சேலை வியாபாரியை உட்காரவைத்து இத்தனையையும் எழுதிக் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

"இந்தத் தொல்லையே வேணாம்க்கா, எல்லாத்தையும் போன்லயே கட்டிட்டா என்ன?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால் பணம் கட்டும் வழியை வேகத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் கட்சி. தப்பாகப் போனால் நிறுத்த முடியுமா, கட்டியதற்குச் சாட்சி இருக்குமா, அந்த வழியில் என் பணம் எவ்வளவு வெளியே தெரிகிறது என்ற மூன்றையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரொக்கத்தை நிறுத்த முடியாது, ரசீதுதான் சாட்சி. யு.பி.ஐ.யில் சாட்சி உண்டு, ஆனால் நாமே அழுத்திவிட்டால் அழுத்தியதுதான். நாம் செய்யாத மின்னணுப் பரிவர்த்தனைக்கு ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த விதி பாதுகாப்புத் தருகிறது. நம் பிசகும் வங்கியின் பிசகும் இல்லாமல் மூன்றாம் ஆள் செய்த மோசடி என்றால், மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டம் இல்லை. ஓ.டி.பி.யை நாமே சொல்லிவிட்டால் அந்தக் கணக்கு மாறிவிடும். அப்போது சைபர் மோசடிக்கான 1930 உதவி எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் போன் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. செக் ஒன்றுதான் பணம் போகும் முன் நிறுத்த வாய்ப்புத் தருவது, பெயரும் தொகையும் தேதியும் தாளிலேயே நிற்பது.

அதனால் என் வீட்டில் கரன்ட் பில்லையும் கேஸையும் போனில்தான் கட்டுகிறேன். அந்த போனோடு இணைத்த கணக்கில் மாசச் செலவுக்கான பணம் மட்டும்தான் இருக்கும். மாசாமாசம் ஒரே தொகையாகப் போவதற்கு வங்கியில் பதிந்த தானியங்கி ஏற்பாடு. வீட்டு அட்வான்ஸ், மனை முன்பணம், கல்யாண மண்டபம் போன்ற பெரிய தொகைக்குச் செக்தான். இரண்டு கோடு போட்டு 'அக்கவுன்ட் பேயீ' என்று எழுதி, பெயருக்குப் பின் இடம் விடாமல் கோடிழுத்து, தொகைக்குப் பின் 'மட்டும்' போட்டுக் கொடுப்பேன். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால், 2021 ஜனவரியில் வந்த 'பாசிட்டிவ் பே' வசதியில் விவரத்தை வங்கிக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுவேன். என் மாமியார் வரிசையில் நின்று ரொக்கம் கட்டி ரசீது வாங்கினால்தான் நிம்மதியாகத் தூங்குவார். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. அந்தக் கவுன்ட்டர்களை மூடாமல் வைத்திருப்பது அலுவலகங்களின் கடமை.

இத்தனைக்கும் நடுவே ஒரு பழக்கம் மட்டும் அசையாமல் இருக்கிறது. 1904-லேயே 'கும்பகோணம் பேங்க்' கண்ட வட்டாரம் இது, அதுதான் இன்றைய சிட்டி யூனியன் வங்கி. வங்கியோடு நூறு வருஷத்துக்கு மேல் பழகிய இதே ஊரில் ஃபைனான்ஸ்காரரிடம் போனால், புரோ நோட்டோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் கேட்கிறார்கள். டிராக்டர் தவணைக்கும் கேட்கிறார்கள், சம்பா நடவுக்குக் கைமாற்று வாங்கினாலும் கேட்கிறார்கள். நாமாக விரும்பிக் கொடுத்த வெற்றுச் செக்கை வேறு யார் பூர்த்தி செய்திருந்தாலும் பொறுப்பு நம்முடையதே என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுகிறோம்.

பதிவு பெற்ற நிதி நிறுவனத்துக்கு இந்தச் செக் தேவையே இல்லை. தவணையைக் கணக்கிலிருந்து நேராக எடுக்க 'நாச்' ஏற்பாடு இருக்கிறது. அது பணமில்லாமல் திரும்பினால், 2007-ம் வருஷத்துப் பணப்பட்டுவாடா சட்டத்தின் 25-வது பிரிவு செக் பவுன்ஸுக்கு நிகரான தண்டனை தருகிறது. 'நாச்'சில் தொகையின் உச்சவரம்பு எழுதப்பட்டிருக்கிறது, வெற்றுச் செக்கில் அதுகூடக் கிடையாது. ஒரு கடனுக்கு இரண்டையும் வாங்குவது பாதுகாப்புக்கு அல்ல, மிரட்டலுக்குத்தான். ரிசர்வ் வங்கி இதை வெளிப்படையாகத் தடைசெய்ய வேண்டும். ஒவ்வொரு செக் புக் அட்டையிலும் ஸ்டாப் பேமென்ட்டுக்கான போன் நம்பரைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் வங்கிகள் அச்சிட வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பதை நாம் செய்வோம். அடைத்து முடித்த கடனுக்குக் கொடுத்த செக்கைத் திருப்பிக் கேளுங்கள். தர மறுத்தால் அதன் நம்பரைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கேளுங்கள், வங்கிக்கும் எழுதுங்கள். பீரோவில் கையெழுத்தோடு சும்மா கிடக்கும் லீஃப் இருந்தால், கையெழுத்தையும் அடியில் உள்ள எண் வரிசையையும் துண்டு துண்டாகக் கிழித்துப் போடுங்கள். வெளியூர் போகும் முதலாளிகள் வங்கியில் முறையாக அதிகாரம் கொடுத்து, கணக்குப்பிள்ளையின் கையெழுத்தையே ஒரு வரம்புக்குள் பதிந்துகொள்ளட்டும். பெயரும் தொகையும் எழுதிய பிறகே கையெழுத்துப் போடுவது என்று ஊரே முடிவெடுத்தால், தொலைந்த செக் புக்குக்காக என் வாசலில் யாரும் பதறி நிற்க வேண்டியதில்லை.