நடுநிசிப் பக்தர்கள்

எங்கள் முதுநகரில் நடுநிசிக்கு மேல் ஒரு வீட்டில் விளக்கெரிந்தால், முன்பெல்லாம் இரண்டு காரணங்கள்தாம் தோன்றும். அந்த வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. அல்லது பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறான். இப்போது மூன்றாவதாக ஒரு காரணம் சேர்ந்திருக்கிறது. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி வருகிறது. தகப்பன் தூங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்புகிறான். பரீட்சைக்கு எழுப்பினால் முனகுகிற பிள்ளை, பந்தாட்டம் என்றால் துள்ளி எழுகிறது. இருவரும் பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்காருகிறார்கள்.

2022ஆம் ஆண்டு டிசம்பரில் கத்தார் நாட்டிலே நடந்த போட்டியின் அரையிறுதி ஆட்டங்கள் நமக்கு இரவு 12.30 மணிக்குத் தொடங்கின. அன்றைக்கு எங்கள் தெருவில் பாதி வீடுகளில் வெளிச்சம். டிசம்பர் 18ஆம் தேதி இறுதி ஆட்டம் 3-3 என்று சமனில் முடிந்து, பெனால்டியில் 4-2 என்று பிரான்ஸை அர்ஜென்டினா வென்றபோது, தீபாவளிக்கு வாங்கி மீந்துபோன வெடிகளெல்லாம் வெடித்தன. நீலமும் வெள்ளையும் பட்டை போட்ட சட்டை அணிந்த தகப்பனும், அதே சட்டையில் பத்து வயதுப் பிள்ளையும் தெருவில் கட்டிக்கொண்டு குதித்தார்கள். எனக்குக் கண் கலங்கிற்று. பொய் சொல்வானேன்? நானும் குதித்தேன்.

ஆகவே, இந்தப் பிரியத்தைப் பரிகாசம் செய்ய வந்தவன் என்று என்னை நினைத்துவிட வேண்டாம். எனக்கும் இது தகப்பனார் கொடுத்த சொத்து.

1990ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் தேதி இரவு. எங்கள் வீட்டில் டெலிவிஷன் கிடையாது. அடுத்த வீட்டு ஓவர்சியர் மாமா வீட்டுக் கூடத்தில், அப்பாவின் மடியில் சாய்ந்துகொண்டு நான் பார்த்த முதல் ஆட்டம் அது. மிலான் நகரில் உலக சாம்பியன் அர்ஜென்டினா, மரடோனாவோடு ஒரு பக்கம். யாரும் ஒரு பொருட்டாக எண்ணாத காமரூன் மறுபக்கம். காமரூனில் ஒருவனை நடுவர் வெளியேற்றிவிட்டார். மிச்சம் பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரில், வெளியேற்றப்பட்டவனுடைய சகோதரனே எம்பித் தலையால் முட்டிக் கோல் போட்டான். கடைசி நிமிஷங்களில் இன்னொருவனும் வெளியேற்றப்பட்டான். ஒன்பது பேராக நின்று அந்த ஆட்டத்தை ஜெயித்தார்கள். "பார்த்துக்கடா, ஆளு குறைஞ்சா பலம் குறையணும்னு இல்லே" என்று அப்பா என் காதில் சொன்னார். கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தாவாகவே வாழ்ந்து முடித்த மனிதர், அன்று மாதிரிப் பேசி நான் கேட்டதில்லை. 38 வயது ரோஜர் மில்லா பிறகு கோல் போட்டுவிட்டுக் கொடிக்கம்பத்தின் பக்கத்தில் ஆடிய ஆட்டத்தை, அப்பா எங்கள் வீட்டு முற்றத்தில் ஆடிக் காட்டினார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வருஷம் கணக்கில் நான் 31 மார்க் வாங்கினேன். சாயங்காலமெல்லாம் உப்பனாற்றங்கரையில் பந்து உதைத்ததுதான் காரணம் என்று கண்டுபிடித்த அதே அப்பா, என் பந்தை அம்மாவின் அரிவாள்மணையில் வைத்து இரண்டாகப் பிளந்தார். அந்த இரண்டு பாதியையும் பார்த்துக்கொண்டு நான் அழாமல் நின்றது எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. கொடிக்கம்பத்தருகே ஆடிய மனிதரும் அரிவாள்மணையில் உட்கார்ந்த மனிதரும் ஒருவரேதானா என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை.

முப்பது வருஷம் கழித்துப் புரிந்தது.

இறுதி ஆட்டம் முடிந்து வெடிச் சத்தமும் அடங்கிய பிறகு, பதிமூன்று வயது நிறைந்த என் மகள் கேட்டாள்:

"அப்பா, நானும் போய் ஆடட்டுமா? மஞ்சக்குப்பம் கிரவுண்டுல பொண்ணுங்க ஆடறாங்களாம்."

நான் யோசிக்கவேயில்லை. வாய் தானாகப் பேசிற்று. "பார்க்கிறது போதாதாம்மா?"

பிறகு காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கினேன். வெயில், டியூஷன், காலில் அடிபட்டால் நாளைக்கு... இந்த 'நாளைக்கு' என்பதற்கு என்ன அர்த்தமென்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். அரை நிஜாரைப் பற்றி நான் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நினைத்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்:

"அப்ப இந்துமதி அக்கா வீட்ல மட்டும் எப்படிப்பா விட்டாங்க?"

"எந்த இந்துமதி?" என்றேன் நான்.

வாசகர்களே, இந்தக் கட்டுரையை எழுத வைத்தது என்னுடைய அந்தக் கேள்விதான். 1990இல் ஆடிய காமரூன் கோல்கீப்பர் இன்கோனோவிலிருந்து எனக்கு எல்லாப் பெயரும் மனப்பாடம். ஆனால் எங்கள் கடலூர் மண்ணிலே வளர்ந்து, இந்திய நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு அயல்நாட்டு மைதானங்களில் நடுக்களத்தில் நின்று ஆடிய இந்துமதி கதிரேசன் யாரென்று எனக்குத் தெரியாது. 2019இல் நேபாளத்தின் விராட்நகரில் தெற்காசியக் கோப்பையை இந்தியப் பெண்கள் வென்றார்களே, அந்த அணியில் அவர் இருந்தார். 2020இல் தொற்றுநோய் பரவியபோது அதே பெண் தமிழ்நாடு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராகச் சென்னைத் தெருவில் காவல் நின்றார். நம் மாவட்டத்துப் பண்ருட்டியிலிருந்து போன சந்தியா ரங்கநாதனும் இந்தியாவுக்கு ஆடியவர்தான். பண்ருட்டி என்றால் பலாப்பழம் என்பதோடு நம் அறிவு நின்றுபோயிற்று.

இவர்களெல்லாம் வானத்திலிருந்து குதித்துவிடவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை தேவனாம்பட்டினத்திலும் சிங்காரத்தோப்பிலும் என்ன செய்தது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு, அந்த அலையால் பாதிக்கப்பட்ட பெண் குழந்தைகளையும் மற்ற ஏழைக் குழந்தைகளையும் சேர்த்து, மாரியப்பன் என்கிற பயிற்சியாளர் இந்த ஊரிலே பந்தாட்டம் சொல்லிக் கொடுத்தார். இந்திரா காந்தி பெயரில் நடக்கிற அந்தப் பயிற்சிக் கழகம் 2018இல் இந்தியப் பெண்கள் லீக் போட்டியிலேயே ஆடிற்று. அதே 2018இல் கட்டக் நகரில், பெண்கள் கால்பந்து என்றாலே மணிப்பூர் என்றிருந்த அந்த மணிப்பூரைத் தமிழ்நாடு 2-1 என்று தோற்கடித்து முதல் முறையாகத் தேசிய சாம்பியன் ஆயிற்று. நம் தெருவில் ஒரு ஊசிவெடிகூட வெடிக்கவில்லை.

இப்போது நான் கேட்கிறேன். சர்வதேசக் கால்பந்தின்மீது நமக்குள்ள அபிமானம் என்று சொல்லிக்கொள்கிறோமே, அது எதன்மீது உள்ள அபிமானம்? அயல்நாட்டான் ஆடினால்தான் அது சர்வதேசமா? கெடிலத்தைத் தாண்டி இரண்டு மைல் போனால் கண்ணால் காணக்கூடிய சர்வதேசம் ஒன்று இருக்கிறதே, அது கணக்கில் சேராதா?

இதற்கு நம்மவர்கள் சொல்கிற பதிலும் எனக்குத் தெரியும். "இந்தியாவுக்கு ஆட வராது சார்" என்பார்கள். வராதா? 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என்று வென்று நான்காவது இடத்துக்கு வந்த நாடு எது? 1962இல் ஜகார்த்தாவில் தென் கொரியாவை வென்று ஆசியத் தங்கப் பதக்கம் வாங்கிய நாடு எது? 1980இலும் 1983இலும் ஆசியப் போட்டியில் இரண்டாவதாக வந்த பெண்கள் எந்த நாட்டுப் பெண்கள்? 2025 ஜூலையில் தாய்லாந்துக்கே போய் அவர்களை 2-1 என்று வீழ்த்தி, ஆஸ்திரேலியாவில் நடக்கும் 2026ஆம் ஆண்டு ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது எந்தப் பெண்கள்? பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, ஊரில் ஆட ஆளில்லை என்று அங்கலாய்ப்பது என்ன நியாயம்?

இன்னொரு பதில், "நம் வழக்கத்துக்குச் சரிப்படாது" என்பது. இதில் நமக்குக் கூட்டாளிகள் உண்டு. இங்கிலாந்தில் 1920ஆம் ஆண்டு ஒரு பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க லிவர்பூல் நகரில் 50,000க்கு மேல் ஜனம் கூடிற்று. மறு வருஷமே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் தன் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாதென்று தடை போட்டது. ஐம்பது வருஷம் நின்ற தடை அது. நாம் கும்பிடுகிற பிரேசிலில் 1941 முதல் 1979 வரை பெண்கள் பந்தாடுவது சட்டப்படி குற்றம். அவர்களுக்குத் தடை போட ஒரு சங்கமும் சர்க்காரும் தேவைப்பட்டன. நமக்கு அந்தச் செலவுகூட இல்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கிற அப்பனே போதும்.

"எதிர்காலம்?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், அது நல்ல கேள்வி. பந்து உதைத்தால் சோறு கிடைத்துவிடும் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆடப் போகிற நூறு பேரில் ஒருத்திகூட இந்தியச் சட்டை போடாமல் போகலாம். ஏழை வீட்டுப் பெண்ணுக்கு இந்த ஆட்டம் ஒரு ஏணி. அதன் மூலம் ஒரு படிப்பு, ஓர் உத்தியோகம் கிடைக்குமா என்று அவள் வீட்டார் துணிகிறார்கள். தவறினால் இழப்பும் அவர்களுக்குத்தான் அதிகம். நமக்கோ சொந்த வீடு இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, பிள்ளைக்கு டியூஷன் இருக்கிறது. சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடியாடி வந்தால் நம் குடி முழுகிப் போகாது. அலை அடித்த கரையில் இருப்பவர்கள் துணிகிறார்கள். மாடி வீட்டில் இருப்பவர்கள் நடுங்குகிறோம். இதற்குப் பெயர் முன்யோசனை என்றால், கோழைத்தனத்துக்கு வேறு பெயர் தேட வேண்டியதுதான்.

ஆண்பிள்ளையைப் பெற்றவர்கள் இந்த இடத்தில் மெல்ல நழுவ வேண்டாம். உங்கள் பையனும்தான் எங்கே ஆடுகிறான்? மெஸ்ஸியின் சட்டையை வாங்கிக் கொடுத்தீர்கள்; அது வியர்வை காணாமலே வெளுத்துப் போயிற்று. பத்தாம் வகுப்பு வந்ததும் பந்தைப் பரண்மேல் ஏற்றினீர்கள். நாம் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது ஆட்டத்தை அல்ல, அதைப் பார்க்கிற நாற்காலியை.

என் கதையை முடித்துவிடுகிறேன். 2023 ஜூன் கடைசியில் தமிழ்நாட்டுப் பெண்கள் மறுபடி தேசிய சாம்பியன் ஆனார்கள். அமிர்தசரஸில் அரியானாவை 2-1 என்று வென்ற செய்தியை என் மகள் பத்திரிகையிலிருந்து கத்தரித்து, என் எழுது மேஜைக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கதை எழுத உட்காரும்போதெல்லாம் அந்தப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள் விடியற்காலை அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கத்துக்குப் போனேன்.

அவள் பிரமாதமாக ஆடினாள் என்று எழுத ஆசைதான். ஆனால் நடந்தது அதுவல்ல. பந்து அவளை ஏய்த்துக்கொண்டு போயிற்று. இரண்டு தடவை விழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். வேலிக்கு வெளியே நின்ற நான் "போதும், வா" என்று கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் அவளைவிடச் சின்னவளான ஒரு பெண் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, "எந்திரிக்கா, பந்து அங்க போவுது பாரு" என்றாள். இவள் எழுந்து ஓடினாள்.

அவள் பெரிய ஆட்டக்காரி ஆகவில்லை, ஆகப்போவதுமில்லை. ஆனால் இப்போதெல்லாம் இருவரும் ஆட்டம் பார்க்கும்போது, "இல்லப்பா, அவ அங்க பந்து குடுக்க முடியாது, பின்னாடி ஆள் வர்றது அவளுக்குத் தெரியாது" என்று எனக்குச் சொல்லித் தருகிறாள். முப்பது வருஷமாகப் பார்த்தவனுக்குத் தெரியாதது, விழுந்து எழுந்தவளுக்குத் தெரிகிறது.

அடுத்த முறை உங்கள் பிள்ளையை நடுநிசியில் தட்டி எழுப்புங்கள். தாராளமாக எழுப்புங்கள். ஆனால் மறுநாள் மாலை அது பந்தை எடுத்துக்கொண்டு வாசற்படி இறங்கும்போது, "எங்கே கிளம்பிட்டே?" என்று மட்டும் கேட்காதீர்கள்.