தண்ணீரைக் கண்டு நிற்கும் குதிரைக்குத் திமிர் இல்லை

அடியாத மாடு படியாது என்ற நம்பிக்கை நம் ஊரோடு நிற்கவில்லை. ஈவென்டிங் என்னும் குதிரையேற்றப் போட்டியில் கிராஸ் கன்ட்ரி சுற்று நடக்கும் நாடுகளிலெல்லாம் அது வேறு வேறு மொழியில் பேசப்படுகிறது. மரக்கட்டைகளையும் பள்ளங்களையும் சளைக்காமல் தாண்டி வந்த குதிரை, தண்ணீர்த் தடைக்கு முன்னால் சட்டென்று நிற்கிறது. உடனே தீர்ப்பு வருகிறது: திமிர், இரண்டு போட்டால் போகும். இந்தத் தீர்ப்பு தவறு. வாயில்லா ஜீவனுக்குச் செய்யும் அநியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பயிற்சி என்ற வகையிலும் அது உருப்படாத வழி.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களில் இருக்கின்றன. சுற்றிலும் ஏறத்தாழ 350 பாகை அதற்குத் தெரியும். ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து தூரத்தையும் ஆழத்தையும் நன்றாகக் கணிக்கும் பகுதி முன்புறம் 65 பாகை அளவுதான். நெற்றிக்கு நேர் எதிரில் மிக அருகிலும் மூக்குக்குக் கீழேயும் பார்வையே கிடையாது. வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்தால் அதன் கண் பழக நம்மைவிட அதிக நேரமாகும். அப்படிப்பட்ட பிராணியின் முன்னால் மரநிழலில் ஒரு குட்டை. மேற்பரப்பில் வானம் பளபளக்கிறது. அடியில் இருப்பது கெட்டித் தரையா, சேறா, பள்ளமா என்று தெரியவில்லை. தலையைத் தாழ்த்தினால் ஓரளவு பார்க்கலாம். அந்த நேரம் பார்த்துச் சவாரி செய்பவர் கடிவாளத்தை இறுக்கித் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விலாவில் உதைக்கிறார். பார்க்கவும் விடுவதில்லை, நிற்கவும் விடுவதில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதையே செய்யும் குதிரைக்குச் சாட்டையடி கொடுக்கிறோம்.

2,300 ஆண்டுகளுக்கும் முன்பே கிரேக்கத் தளபதி செனபோன் தம் குதிரையேற்ற நூலில் இதைச் சொல்லிவிட்டார். மிரளும் குதிரையை அடித்தால், அந்த வலிக்குக் காரணம் தான் கண்டு மிரண்ட பொருளே என்று நினைத்து அது இன்னும் மிரளும் என்பது அவர் கருத்து. போருக்குக் குதிரை பழக்கியவர் சொன்னது இது.

அடித்ததும் போயிற்றே என்பார்கள். போகும்தான். ஆனால் எப்படிப் போகிறது என்று பாருங்கள். நின்ற இடத்திலிருந்து கழுத்து விறைக்க எகிறுகிறது. கீழே தண்ணீர் காலைப் பிடித்து இழுக்கிறது. உடல் முன்னால் சாய்கிறது. மேலிருப்பவர் கழுத்தைத் தாண்டி விழுகிறார். அடுத்த முறை அந்தக் குதிரை இன்னும் தொலைவிலேயே நின்றுவிடும்.

1936 பெர்லின் ஒலிம்பிக்கின் கிராஸ் கன்ட்ரி சுற்றில் நான்காவது தடையாக ஒரு குளம் இருந்தது. அதில் குதிரைகள் வரிசையாக விழுந்தன. அமெரிக்கக் குதிரை ஒன்று கால் முறிந்து, கொல்லப்பட்டது. ஜெர்மனியின் குதிரையேற்ற வீரர் வாங்கன்ஹைம் அங்கே விழுந்து காறையெலும்பு முறிந்தும் சுற்றை முடித்தார் என்பதை வீரக்கதையாக இன்றும் சொல்கிறார்கள். அவர் வீரர்தான். ஆனால் அந்தக் குளத்தைச் சந்தேகித்து ஒரு குதிரை நின்றிருந்தால் அது தப்பாகவா கணித்திருக்கும்? இன்றைய சர்வதேச விதிப்படி தண்ணீர்த் தடையின் ஆழம் 35 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது.

முறையான பயிற்சி வேறு மாதிரி நடக்கும். சரிவான கரை, கெட்டியான அடித்தளம், கணுக்கால் அளவுத் தண்ணீர். பழகிய குதிரை ஒன்று உள்ளே அமைதியாக நிற்கிறது. இளங்குதிரை விளிம்புக்கு வந்து மூக்கை நீட்டிச் சீறுகிறது. மேலிருப்பவர் கடிவாளத்தைத் தளர்த்தித் தலையைத் தாழ்த்த விடுகிறார். காலால் மெல்ல அணைக்கிறார். ஒரு குளம்பு முன்னால் நகர்ந்ததும் அந்த அழுத்தம் விலகிவிடுகிறது. முன்னால் போனால் நிம்மதி என்பதைக் குதிரை கற்பது அந்தக் கணத்தில்தான். அரை நொடி தாமதித்தாலும் பாடம் கலங்கிப்போகும். உள்ளே இறங்கியபின் முன்னங்காலால் தண்ணீரை அடித்து விளையாட ஆரம்பித்தால் நடத்திக்கொண்டு போய்விட வேண்டும், இல்லையென்றால் அப்படியே படுத்துப் புரண்டுவிடும். நடை பழகியபின் மெதுவான ஓட்டம், தண்ணீரிலிருந்து சிறு படி ஏறுவது, பிறகே சிறு படியிலிருந்து உள்ளே குதிப்பது.

விட்டுக்கொடுத்தால் குதிரை கெட்டுப்போகும் என்று பயிற்சியாளர்கள் வாதிடுவதில் பாதி உண்மை உண்டு. மறுத்ததும் திருப்பிக் கொண்டுபோனால் மறுப்பது லாபம் என்று அது கற்றுக்கொள்ளும். அதற்கு மருந்து, தண்ணீரைப் பார்த்தபடியே நிற்க வைத்துக் காத்திருப்பது. போட்டியில் காத்திருக்க நேரமில்லைதான். முதல் மறுப்புக்கு 20 தண்டப் புள்ளி, அதே தடையில் இரண்டாவதற்கு 40, மூன்றாவதில் வெளியேற்றம். அதனால்தான் இந்தப் பாடம் போட்டிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

2021 டோக்கியோ ஒலிம்பிக்கின் நவீன ஐந்து விளையாட்டுப் போட்டியில், மிரண்டு நின்ற குதிரையை ஜெர்மன் பயிற்சியாளர் கையால் குத்தியதை உலகமே பார்த்தது. அங்கே தண்ணீர்த் தடை இல்லை, நம்பிக்கை இதேதான். பயிற்சியாளர் விலக்கப்பட்டார். பாரிஸ் 2024-க்குப் பிறகு அந்தப் போட்டியில் குதிரையேற்றமே இல்லை.

சென்னையிலும் பெங்களூருவிலும் பிள்ளைகளைக் குதிரையேற்றம் கற்க அனுப்பும் பெற்றோர்களே, ஒரு நாள் வேலி ஓரமாக நின்று பாருங்கள். குதிரை தயங்கும்போது பயிற்சியாளர் உங்கள் பிள்ளையிடம் ‘அடி’ என்று சொன்னால், அங்கேயே தடுத்துக் கேளுங்கள். பதில் சரியில்லையென்றால் வேறு பள்ளி பாருங்கள்.