தனி ஆளின் விளையாட்டும் சந்தைக்காரரின் மேல்வாரமும்

சினிமா எடுப்பதற்கு ஸ்டூடியோ வேண்டும், நடிகர்கள் வேண்டும், பணம் போட ஒரு முதலாளியும் வேண்டும். கம்ப்யூட்டர் விளையாட்டு அப்படியல்ல. புரோகிராம் எழுதுவது, சித்திரம் வரைவது, சங்கீதம் அமைப்பது, கதை புனைவது ஆகிய அத்தனையையும் ஒரே ஆசாமி தம் வீட்டு மேஜையில் உட்கார்ந்தபடி செய்து முடித்துவிடலாம். அப்படிச் செய்து முடித்தவர்கள் உலகில் ஆயிரக் கணக்கில் இருக்கிறார்கள். ஆனால், செய்ததை விற்று ஜீவனம் நடத்துகிறவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால்தான் பேச்சு தயங்குகிறது.

அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில் உள்ள சியாட்டில் நகரத்து வாலிபர் எரிக் பரோன் 2011-ம் ஆண்டில் கம்ப்யூட்டர் படிப்பில் பட்டம் பெற்றார். வேலை கிடைக்கவில்லை. சும்மா இருப்பதைவிடக் கையைப் பழக்கிக்கொள்வது மேல் என்று எண்ணி ஒரு விளையாட்டை உருவாக்க ஆரம்பித்தார். பாட்டனார் விட்டுச் சென்ற பாழ் நிலத்தைத் திருத்திப் பயிர் செய்வதே அதன் கதை. நாடகக் கொட்டகை ஒன்றில் வருகிறவர்களுக்கு இடங்காட்டும் பகுதி நேர வேலையைப் பார்த்துக்கொண்டு, மற்ற நேரத்தையெல்லாம் இதற்கே செலவிட்டார். குடித்தனம் அவருடைய தோழியின் சம்பாத்தியத்தைத் தாங்கி நடந்தது. வரைந்த படங்களை அழித்து மீண்டும் மீண்டும் வரைந்தார். சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்த காரியம் நாலரை ஆண்டுகள் இழுத்தது.

2016-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி "ஸ்டார்ட்யூ வேலி" என்ற பெயருடன் அது விற்பனைக்கு வந்தது. விலை 15 டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. இரண்டே மாதங்களில் பத்து லட்சம் பிரதிகள் விற்றன. 2024 டிசம்பர் வரை விற்றவை 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல்!

இந்தக் கதைதான் எங்கும் சொல்லப்படுகிறது. உத்தியோகத்தை உதறிவிட்டு விளையாட்டு செய்யப் புறப்படும் வாலிபர்கள் இதைத்தான் வீட்டாரிடம் எடுத்துக் காட்டுகிறார்கள். பரோனின் உழைப்பில் குறை கூறுவதற்கில்லை. எனினும் அதே உழைப்பை உழைத்து, அதே நாலரை ஆண்டுகளைக் கரைத்து, நானூறு பிரதிகளைக்கூட விற்க முடியாதவரின் கதையை யாரும் அச்சிடுவதில்லை.

அதே சியாட்டிலில் இன்னொருவர் இருக்கிறார். ஜெஃப் வோகல் என்பது பெயர். அவரை அறிந்தவர் தொகை மிகக் குறைவு. ஆயினும் இத்தொழிலில் இறங்க நினைப்பவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது அவரைத்தான். 1994-ல் "ஸ்பைடர்வெப் ஸாப்ட்வேர்" என்ற சிறு ஸ்தாபனத்தை அவர் தொடங்கினார். ஸ்தாபனம் என்று பெயர்தானே ஒழிய, கதையும் புரோகிராமும் அவர் கைவேலை. வீட்டாரின் ஒத்தாசை உண்டு. சித்திரங்களைக் கூலி கொடுத்து வரைவித்துக் கொள்வார். அடுத்த ஆண்டில் "எக்ஸைல்" என்ற முதல் விளையாட்டு வெளிவந்தது. பாதாள உலகம் ஒன்றில் தள்ளப்பட்ட மனிதர்களைப் பற்றியது அது.

அந்நாளில் இன்டர்நெட் கடைகள் ஏது? "ஷேர்வேர்" என்ற ஒரு முறை இருந்தது. விளையாட்டின் முதற் பகுதியை எவரும் இலவசமாக ஆடலாம். நண்பருக்கும் நகல் கொடுக்கலாம். ஓர் எல்லையை அடைந்ததும் வழி அடைபட்டு நிற்கும். மேலே போக விரும்பினால் ஆக்கியவருக்கு நேரே பணம் அனுப்பித் திறவுகோல் எண்ணைப் பெற வேண்டும். மாம்பழக்காரி கீற்று அறுத்துக் கொடுத்து ருசி பார்க்கச் சொல்வாளே, அந்த வியாபாரந்தான் இது. ருசித்தவர் வாங்குவார், வாங்கிய பணமும் இடையில் எவர் கையிலும் ஒட்டாமல் வந்து சேரும்.

தம் விளையாட்டுகள் பார்வைக்கு அழகற்றவை என்பதை வோகலே பகிரங்கமாக ஒப்புக்கொண்டவர். அழகைத் தேடுவோருக்காக அவர் கடை வைக்கவில்லை. நீண்ட கதையும் பொறுமையும் வேண்டும் வாடிக்கைக்காரர்கள் உலகெங்கும் சிதறிக் கிடக்கிறார்கள். பெரிய ஸ்தாபனங்கள் அவர்களைச் சீந்துவதில்லை. அவர்களே அவருக்கு முப்பது ஆண்டுகளாகச் சோறு போட்டவர்கள். மற்றோர் இரகசியமும் உண்டு. தாம் செய்தவற்றின் உரிமையை அவர் எவரிடமும் விட்டுக் கொடுக்கவில்லை. ஆகவே "எக்ஸைல்" 2000-ம் ஆண்டில் "அவர்னம்" ஆயிற்று. அதுவே 2011-ல் மறுபடியும் புது உருவம் பெற்றது. பழைய நகையை உருக்கிப் புது மோஸ்தரில் செய்துகொள்வது போல ஒரே கதை மூன்று முறை உலைக்குப் போய் மூன்று முறை விலைக்கு வந்தது.

பரோனும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். தொடக்கத்தில் விற்பனைப் பொறுப்பை லண்டன் கம்பெனி ஒன்று ஏற்றிருந்தது. 2018-ம் ஆண்டு இறுதியில் அதிலும் பெரும் பகுதியை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். இந்த ஒரு விஷயத்தில் கோடீசுவரரும் சிறு கடைக்காரரும் ஒரே புத்தியுடன் நடந்திருக்கிறார்கள்.

சியாட்டிலுக்கு ஏரி கடந்தால் அக்கரையில் பெல்வியூ என்ற ஊர். அங்கேதான் "வால்வ்" கம்பெனி இருக்கிறது. 2003-ல் அது தொடங்கிய "ஸ்டீம்" என்ற இன்டர்நெட் கடையே இன்று கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குப் பெரிய சந்தை. ஆரம்பத்தில் இச்சந்தையினுள் நுழைவதே அரிதாக இருந்தது. 2012-ல் வாடிக்கைக்காரர்களின் வாக்கைக் கேட்டுச் சரக்கைச் சேர்க்கத் தொடங்கினார்கள். 2017-ல் அதுவும் போய், விளையாட்டு ஒன்றுக்கு 100 டாலர் கட்டினால் எவரும் விற்கலாம் என்று ஆயிற்று. கதவு திறந்தது நல்லதுதான். ஆனால் ஆண்டுக்குச் சில நூறு புது விளையாட்டுகள் வந்துகொண்டிருந்த இடத்தில், 2024-ம் ஆண்டில் மட்டும் 18,000-க்கு மேல் வந்து குவிந்தன. சரக்கு பெருகும் வேகத்தில் பணம் பெருகவில்லை என்று வோகல் 2014-லேயே எழுதி எச்சரித்தார். அன்று அதை அவநம்பிக்கை என்று தள்ளியவர்கள் பலர்.

நெரிசலை யாரும் தடுக்க முடியாது. சந்தைக்காரர் எடுத்துக்கொள்ளும் பங்கு அப்படிப்பட்டதன்று. அது மனிதர் வகுத்தது. விற்ற தொகையில் நூற்றுக்கு 30 கடைக்குப் போகிறது. உழுபவருக்குக் குடிவாரம், நிலக்காரருக்கு மேல்வாரம் என்று பழகிய நாட்டில் இது விளங்காத கணக்கல்ல. விளங்காதது அடுத்த விதிதான். 2018 அக்டோபர் முதல், ஒரு கோடி டாலருக்கு மேல் விற்கும் விளையாட்டுக்கு அந்த எல்லையைத் தாண்டிய தொகையில் 25 கொடுத்தால் போதும். ஐந்து கோடியைத் தாண்டிய தொகையில் 20 போதும். ஆயிரம் வேலி மிராசுதாருக்கு வாரம் குறைகிறது. அரைக் காணி வைத்திருப்பவன் முழு வாரம் அளக்கிறான். இது என்ன நியாயம்?

கணக்குக்காக ஒருவரை வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டு உழைத்துச் செய்த விளையாட்டை 10 டாலர் விலையில் 3,000 பேருக்கு விற்கிறார். மூவாயிரம் என்பது தனி ஆளுக்குச் சொற்பமல்ல. வந்தது 30,000 டாலர், கடைக்கு 9,000, மீதி 21,000. உழைத்தது 4,000 மணி நேரம் என்றால் மணிக்கு ஐந்தேகால் டாலர் கூலி விழுகிறது. வரி இன்னும் கழிக்கவில்லை. 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாதவர்கள் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று 2015 முதல் உள்ள விதியால் போவதையும் சேர்க்கவில்லை. சியாட்டிலில் 2025-ம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலியோ மணிக்கு 20 டாலருக்கு மேல். விளையாட்டு செய்தவரைக் காட்டிலும் நாடகக் கொட்டகையில் இடங்காட்டுகிறவர் நாலு மடங்கு சம்பாதிக்கிறார்! அந்த 9,000-ல் பாதி கைக்கு வந்தால் பணக்காரராகிவிட மாட்டார். ஆனால் அடுத்த விளையாட்டைத் தொடங்க நாலைந்து மாதச் சாப்பாடு ஆயிற்று.

கடைக்காரர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்வதற்கில்லை. எத்தனையோ நாடுகளின் நாணயங்களில் பணம் வசூலிப்பதும், வாங்கியவருக்குச் சரக்கைக் கொண்டு சேர்ப்பதும், திருத்திய பதிப்பை எல்லோருக்கும் அனுப்புவதும் சாமானியமான காரியமல்ல. தனி ஆள் அவற்றை மேற்கொண்டால் விளையாட்டு செய்ய நேரம் மிஞ்சாது. பெரிய விளையாட்டுகள் கூட்டத்தை அழைத்து வருகின்றன, அக்கூட்டத்தால் சிறியவர்களுக்கும் லாபம் என்று சலுகைக்குச் சமாதானம் கூறப்படுகிறது. கூட்டம் வருவது மெய்யே. பெரிய ஜவுளிக் கடையால் தெருவில் ஜன நடமாட்டம் கூடும். அதனால் நடைபாதையில் பூ விற்பவளிடம் அதிக வாடகை வாங்கலாம் என்று ஆகிவிடுமா?

செய்ய முடியாத காரியமும் அல்ல இது. டெலிபோன் விளையாட்டுகளுக்குக் கடை நடத்தும் ஆப்பிள் கம்பெனி 2021 ஜனவரி முதல், ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிக்காதவர்களிடம் 30-க்குப் பதில் 15 வாங்குகிறது. மனம் தானாகக் கனிந்தது என்று எவரும் எண்ண வேண்டாம். வழக்கு மன்றத்துக்கு இழுக்கப்பட்ட பிறகே கனிந்தது. கூகிளும் அதே ஆண்டு ஜூலையில் முதல் பத்து லட்சத்துக்கு அதே விகிதத்தை வைத்தது. "இட்ச்" என்ற சிறு கடை இன்னும் ஒரு படி மேலே போய், கடைக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை விற்பவரின் இஷ்டத்துக்கே விட்டிருக்கிறது. அங்கே கூட்டம் குறைவு, விற்பனையும் குறைவு. ஆகவே அது மட்டும் பரிகாரமாகாது.

வால்வ் கம்பெனியிடம் ஏணி ஏற்கெனவே இருக்கிறது. தலைகீழாக நிற்கிறது, அவ்வளவுதான். முதல் ஒரு லட்சம் டாலர் விற்பனை வரை 15, அதற்கு மேல் 30 என்று அதைத் திருப்பி வைக்கலாம். பரோனைப் போன்றவர்களுக்கு அதனால் கூடுதலோ குறைவோ உணரும்படி இராது. வோகலைப் போலச் சிறு கடை வைத்துப் பிழைக்க நினைக்கும் ஆயிரக் கணக்கானவர்களுக்கு, இரண்டாவது விளையாட்டைச் செய்வதா, வேலைக்கு மனுப் போடுவதா என்பதை அந்தப் பதினைந்துதான் முடிவு செய்யும். கடையின் கமிஷனைப் பற்றி 2021-ல் சியாட்டில் பெடரல் கோர்ட்டில் தொடுக்கப்பட்ட வழக்கு, 2024 நவம்பரில், விற்பவர்கள் எல்லோர் சார்பிலுமான வழக்காக ஏற்கப்பட்டது. கோர்ட்டு சொல்லும்வரை கம்பெனி காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. 2018-ல் பெரியவர்களுக்கு வாரத்தைக் குறைக்க ஓர் அறிவிப்பே போதுமானதாக இருந்தது.