பானை சொல்லும் பௌதிகப் பாடம்!

கல்லூரியில் முதல் ஆண்டு. பௌதிக வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"பனித்தரையில் சறுக்கி ஆடும் பெண், சுழன்றுகொண்டே கைகளை மார்போடு மடக்கினால் வேகம் கூடுகிறது. ஏன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் ஆசிரியர்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. பனிக்கட்டியை நாங்கள் ஐஸ் வண்டியில்தான் பார்த்திருக்கிறோம். அதன்மேல் ஆடும் பெண்ணை எங்கே கண்டோம்?

என் பக்கத்தில் இருந்த நண்பன் மண்பாண்டம் செய்பவரின் மகன். சிறு வயது முதலே சக்கரம் சுற்றப் பழகியவன். விளிம்பு கனமான சக்கரத்தைச் சுழற்றிவிடுவது கஷ்டம். சுழன்றுவிட்டால் எளிதில் நிற்காது. இது அவன் கைக்குத் தெரியும். எடை அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. எடை விளிம்புக்குப் போனால் சக்கரம் எளிதில் நிற்காது. எடை அச்சுக்கு அருகே வந்தால் ஆடும் பெண்ணின் வேகம் கூடும். இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான்!

ஆனால், "உன் வீட்டில் சுழலும் பொருள் என்ன இருக்கிறது?" என்று அவனை யாரும் கேட்கவில்லை.

"இது நமக்கு வராதுடா" என்றான் அவன். மறு ஆண்டு கல்லூரிக்கு வரவில்லை. வீட்டில் பணக் கஷ்டமும் இருந்தது, உண்மைதான். என்றாலும், அந்த வார்த்தை இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

பானை ஏன் குளிர்கிறது?

பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஏன் தெரியுமா?

பானையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே நீர் கசிந்து, வெளிப்பக்கத்தில் ஆவியாகிறது. 1 கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். 10 கிராம் ஆவியானால் 5,800 கலோரி. அவ்வளவும் பானையில் உள்ள 1 லிட்டர் நீரிலிருந்தே போனால், நீரின் வெப்பநிலை ஏறக்குறைய 6 டிகிரி இறங்கிவிடும்!

மழைக்காலத்தில் பானை நீர் அவ்வளவு குளிர்வதில்லை. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் நீர் ஆவியாவது குறைகிறது. பாட்டி அறிந்த இந்தச் செய்தியிலிருந்து தொடங்கினால், வெப்பவியல் பாடம் கசக்குமா?

சர் சி.வி.ராமன் காட்டிய வழி

இது புது யோசனை அல்ல. திருச்சியில் 1888-ல் பிறந்து, 1930-ல் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி.ராமன், மிருதங்கத்தையே ஆராய்ந்தவர்.

சாதாரணத் தோல் கருவியைத் தட்டினால், அடிப்படை ஒலியோடு எழும் மற்ற ஒலிகள் அதன் முழு மடங்குகளாக இருப்பதில்லை. அதனால் இனிய சுருதி கிடைப்பதில்லை. மிருதங்கத்தின் வலது முகத்தில் கரிய வட்டம் ஒன்று இருக்கிறதல்லவா? அந்தப் பூச்சின் எடை, தோலின் அதிர்வை மாற்றி, ஒலிகளை முழு மடங்குகளாக ஆக்குகிறது. ராமன் இதை 1920-லும் 1934-லும் கட்டுரைகளாக வெளியிட்டார்.

அந்தப் பூச்சைப் பக்குவமாகப் பூசத் தெரிந்தவர்கள் யார்? நம் ஊர்த் தொழிலாளர்கள்! அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்கு வரும்போது, "உன் தந்தையின் கையில் இருப்பதும் விஞ்ஞானமே" என்று சொல்ல வேண்டாமா?

"தரம் குறையுமே?"

"கல்லூரியில் பானையும் சக்கரமும் பேசினால் தரம் என்னாவது?" என்று சிலர் கேட்கலாம்.

தரம் குறையாது. சமன்பாடு மாறாது, கணக்கும் மாறாது. தொடங்கும் இடம்தான் மாறுகிறது. பானையில் தொடங்கிய மாணவன் நீராவி இயந்திரத்துக்கும் போக வேண்டும். சக்கரத்தில் தொடங்கியவன், சூரியனைச் சுற்றும் கோள்களுக்கும் போக வேண்டும். பனித்தரையில் ஆடும் பெண்ணும் வரட்டும், இரண்டாவதாக வரட்டும்!

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கிராமத்துப் பிள்ளை என்றால் மாட்டுவண்டி, பெண் பிள்ளை என்றால் அடுப்படி என்று ஆசிரியர் தாமே முடிவு கட்டிவிடக் கூடாது. மீனவர் மகளுக்குப் படகு தெரியும். நகரத்துப் பையனுக்கு மின்தூக்கி தெரியும். முதலில் கேட்க வேண்டும். பிறகு கற்பிக்க வேண்டும்.

வகுப்பில் மட்டும் மாறினால் போதாது. பரீட்சைக் கேள்வித்தாளிலும் பானையும் மிருதங்கமும் இடம்பெற வேண்டும். மதிப்பெண் இல்லாத பாடத்தை நம் பிள்ளைகள் பாடமாக எண்ணுவதில்லை.

பெற்றோர்களே! "எனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லாதீர்கள். உங்கள் தொழிலைப் பிள்ளைகளிடம் விளக்கிச் சொல்லுங்கள். ஆசிரியர்களே! அதை வகுப்பில் கேட்டு வாங்குங்கள்.

"இது நமக்கு வராது" என்று சொல்லி இன்னொரு பிள்ளை படிப்பை விட்டுப் போகக் கூடாது. அவன் வீட்டுச் சக்கரத்தில் சுழல்வதும் பௌதிகமே!