குழிப்பந்தாட்டத்தின் குழூஉக்குறி

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே எங்கள் வேப்பூரில் ஆட்டுச் சந்தை கூடிவிடும். ஆட்டு, மாட்டுச் சந்தைகளின் பழைய வழக்கம் ஒன்று உண்டு. பேரம் முற்றும்போது விற்பவரும் தரகரும் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் விரல்கள் விலை பேசும். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் விளங்காது. விளங்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. அந்தப் பக்கம் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலுக்குப் போனால், ‘பிஸ்கட்’ என்பது தின்பதற்கானது அல்ல. முதல் சூட்டில் வெந்து, இன்னும் மெருகு பூசாமல் இருக்கும் பாத்திரத்துக்கும் பொம்மைக்கும் அதுதான் பெயர்.

பள்ளியில் இலக்கணம் படித்தவர்களுக்கு இதன் பெயர் நினைவிருக்கும்: குழூஉக்குறி. தட்டார் பொன்னைப் ‘பறி’ என்பதையும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதையும், வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என்பதையும் நன்னூல் பாடத்தில் மனப்பாடம் செய்திருப்போம். ஒரு கூட்டத்தார் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி. இந்த வாரம் நான் எழுத விரும்புவது கோல்ஃப் என்ற குழிப்பந்தாட்டத்தின் குழூஉக்குறியைப் பற்றி.

எங்கள் ஊரில் கோல்ஃப் மைதானம் கிடையாது. ஆனால் 2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை காலை டீக்கடைத் தொலைக்காட்சியில் கோல்ஃப் ஓடியது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரு அதிதி அசோக் பதக்கத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார். உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்தில் இருந்தவர், மூன்று நாள் ஆட்டம் முடிந்தபோது இரண்டாம் இடத்தில் நின்றார். பையைச் சுமந்து கூடவே நடந்தவர் அவருடைய அம்மா மகேஸ்வரி. கடையில் இருந்த பெரியவர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏன் தம்பி, மைனஸ் மைனஸ்னு போடுறானே, அந்தப் பொண்ணு ஜெயிக்குதா, தோக்குதா?”

அங்கிருந்த யாருக்கும் அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வர்ணனையாளர் ‘பேர்டி’ என்றார், ‘பார் சேவ்’ என்றார், ‘போகி’ என்றார். மறுநாள் செய்தித்தாள்களிலும் அதே சொற்கள், விளக்கம் இல்லாமல். ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் வெண்கலம் போனதன் வலியை அந்தப் பெரியவர் உணர்ந்திருக்க வேண்டும். சொற்கள் அவரை வெளியே நிறுத்திவிட்டன. கோல்ஃப் பணக்காரர் ஆட்டம் என்பது உண்மைதான். ஆனால் அதைப் பார்ப்பதற்கும் புரிந்துகொள்வதற்கும் பணம் தேவையில்லை. தரகர் துண்டு போடுவது மறைப்பதற்காக. கோல்ஃப் சொற்களோ யாரிடமிருந்தும் எதையும் மறைக்கப் பிறந்தவை அல்ல. பெரும்பாலும் விளையாட்டுக் களிப்பில் யாரோ வாய்விட்டுச் சொன்னவை.

முதலில் ‘பார்’. மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொரு குழியிலும் பந்தை விழ வைக்கத் தேர்ந்த ஆட்டக்காரருக்கு எத்தனை அடி போதும் என்று முன்கூட்டியே ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரைக்குப் பெயர் ‘கிரீன்’. அதில் பந்தை உருட்டிவிட இரண்டு அடி. அங்கே பந்தைக் கொண்டுசேர்க்கத் தூரத்தைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ மூன்றோ அடி. ஆகவே குழிகள் பார் 3, பார் 4, பார் 5 என்று அமையும். டோக்கியோ ஒலிம்பிக் நடந்த கசுமிகாசெகி மைதானத்தில் ஒரு சுற்றுக்குப் பார் 71. நான்கு நாளைக்கு 284. அதிதி 269 அடியில் முடித்தார், 15 குறைவு. அதுதான் அந்த மைனஸ். குறையக் குறைய வெற்றி. தங்கம் வென்ற அமெரிக்காவின் நெல்லி கோர்டாவுக்கு மைனஸ் 17. மைனஸ் 16இல் சமமாக நின்ற ஜப்பானின் மோனே இனாமியும் நியூசிலாந்தின் லிடியா கோவும் கூடுதல் ஆட்டம் ஆடி வெள்ளியையும் வெண்கலத்தையும் பிரித்துக்கொண்டார்கள். நான்கு நாள் ஆட்டத்தில் ஒரே ஓர் அடி.

‘பார்’ பங்குச் சந்தையிலிருந்து வந்த சொல். பங்கின் முகமதிப்பை அப்படிச் சொல்வார்கள். 1870இல் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக் மைதானத்தில் போட்டி நடக்கவிருந்தபோது, பத்திரிகைக்கு எழுதிவந்த டோல்மன் என்பவர் இரண்டு ஆட்டக்காரர்களிடம், பிழையே இல்லாமல் ஆடினால் எத்தனை அடி ஆகும் என்று கேட்டார். அன்று அங்கே 12 குழிகள்தான். 49 என்றார்கள். அந்த எண்ணுக்கு டோல்மன் வைத்த பெயர் பார். மூன்று சுற்றுக்கு 147. அந்தப் போட்டியில் வென்ற இளைய டாம் மாரிஸ் 149 அடியில் முடித்தார். மணலும் காற்றும் உள்ள கடலோரத்தில், இன்றைய கருவிகள் எதுவும் இல்லாத காலத்தில், ‘பிழையற்ற’ ஆட்டத்துக்கு இரண்டே அடி தூரத்தில் ஒரு பத்தொன்பது வயதுப் பையன். இந்தக் கணக்கைப் படித்த பிறகுதான் பார் என்ற சொல் எனக்கு உயிருள்ளதாயிற்று.

பாருக்கு ஓர் அடி குறைத்து முடித்தால் ‘பேர்டி’. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி கிளப்பில் நண்பர்கள் ஆடிக்கொண்டிருந்தபோது பிறந்த சொல் இது. அந்தக் காலத்து அமெரிக்கப் பேச்சில் அருமையான எதையும் ‘பறவை’ என்பார்கள். ஏப் ஸ்மித் என்பவர் தான் அடித்த ஓர் அடியைக் கண்டு அப்படிக் குதூகலித்தார், சொல் ஒட்டிக்கொண்டது. பிறகு பறவை பெரிதாகிக்கொண்டே போனது. இரண்டு குறைந்தால் ‘ஈகிள்’, அதாவது கழுகு. மூன்று குறைந்தால் ‘ஆல்பட்ராஸ்’, கரையே காணாமல் கடல்மேல் பறந்துகொண்டிருக்கும் பெரிய பறவை. கிட்டிப்புள்ளில் பறக்கிற சின்னக் குச்சிக்கு நாமும் புள் என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். காற்றில் போகும் ஒன்றைக் கண்டால் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் பறவைதான் நினைவுக்கு வரும் போலிருக்கிறது.

ஆல்பட்ராஸ் எவ்வளவு அரிது என்பதற்கு ஒரு சம்பவம். 1935இல் அகஸ்டா மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசிச் சுற்றில் ஜீன் சாரசன் மூன்று அடி பின்தங்கியிருந்தார். பதினைந்தாம் குழி, பார் 5. இரண்டாவது அடியை 200 மீட்டருக்கும் மேலான தூரத்திலிருந்து அடித்தார். பந்து நேராகக் குழிக்குள் போனது. மூன்று அடிப் பின்னடைவும் ஒரே வீச்சில் தீர்ந்தது. மறுநாள் நடந்த கூடுதல் ஆட்டத்தில் கிரேக் வுட்டை வென்று பட்டத்தைக் கைப்பற்றினார்.

எதிர்ப்பக்கம் ‘போகி’. பாருக்கு ஓர் அடி அதிகம். இதன் கதையைத் தமிழில் சொல்வது மிக எளிது, ஏனென்றால் போகி என்பது நம் பூச்சாண்டியேதான். 1890 வாக்கில் இங்கிலாந்தில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு நிர்ணய எண் வைத்து, அதை எதிர்த்து ஆடிப் பார்க்கும் பழக்கம் தொடங்கியது. எதிரில் ஆள் இல்லை, எண்தான் எதிராளி. அது களைப்பதில்லை, தவறு செய்வதில்லை. கிரேட் யார்மத் மைதானத்தில் இப்படி ஆடித் தோற்ற ஒரு மேஜர், அப்போது மேடைகளில் பிரபலமாக இருந்த பூச்சாண்டிப் பாட்டை நினைத்து, இந்த ஆள் சரியான பூச்சாண்டி என்று அலுத்துக்கொண்டார். ராணுவ அதிகாரிகள் ஆடிய இன்னொரு கிளப்பில் பூச்சாண்டிக்குக் கர்னல் பதவியே கொடுத்துவிட்டார்கள். ஆக, தொடக்கத்தில் போகி என்பது எட்ட வேண்டிய நல்ல எண். அமெரிக்காவில் பார் கணக்கு இறுகிய பிறகு, அதைவிட ஓர் அடி கூடுதல் என்ற இடத்துக்குப் போகி இறங்கிவிட்டது.

மைதானத்துச் சொற்களில் ‘டீ’யைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். முதல் அடிக்குப் பந்தைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்தி வைக்கும் இடமும் பொருளும் டீ. பழங்காலத்தில் ஈர மணலைப் பிடித்துச் சின்னக் குவியலாக வைத்து அதன்மேல் பந்தை வைப்பார்கள், கை அழுக்காகும். பாஸ்டன் நகரப் பல் மருத்துவர் ஜார்ஜ் கிராண்ட் 1899இல் மரத்தில் ஒரு முளை செய்து காப்புரிமை பெற்றார். ஹார்வர்டில் படித்து அங்கேயே ஆசிரியராகவும் இருந்த கறுப்பினத்தவர் அவர். தாம் செய்த முளைகளை விற்காமல் நண்பர்களுக்குக் கொடுத்தே தீர்த்தார். அமெரிக்க கோல்ஃப் சங்கம் அவருடைய பங்கை அங்கீகரித்தது 1991இல்தான். இன்று உலகம் முழுக்க ஆட்டக்காரர்களின் சட்டைப் பையில் கிடக்கும் பொருளை உண்டாக்கியவர் பெயர் தொண்ணூறு வருடம் யாருக்கும் தெரியாமல் இருந்ததை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

கோல்ஃப் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது ‘ஹேண்டிகேப்’. இது சந்தையில் பிறந்த சொல், எங்கள் ஊர்க்காரர்களுக்கு உடனே விளங்கும். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இரண்டு பேர் பொருளை மாற்றிக்கொள்ள விரும்பினால், மூன்றாவது ஆள் ஒருவர் நடுவராக இருந்து, இந்தப் பொருளுக்கு மேல் இவ்வளவு காசு வைத்தால் சரியாகும் என்று வித்தியாசத்தைச் சொல்வார். இருவரும் ஒரு தொப்பிக்குள் கையை விட்டு எடுப்பார்கள். சம்மதமா இல்லையா என்பதைக் கை சொல்லும். ‘தொப்பிக்குள் கை’ என்ற அந்தத் தொடர்தான் சுருங்கி ஹேண்டிகேப் ஆனது. பின்பு அது குதிரைப் பந்தயத்துக்குப் போய், வேகமான குதிரைமேல் கூடுதல் எடை ஏற்றிச் சமப்படுத்துவதைக் குறித்தது. அங்கிருந்து கோல்ஃபுக்கு வந்தது. வேப்பூரில் துண்டு, அங்கே தொப்பி. இரண்டிலும் பேசுவது கைதான்.

அதன் வேலை இதுதான். ஒருவர் வழக்கமாகப் பாருக்கு 18 அடி கூடுதலாக ஆடுபவர் என்றால், அவர் ஹேண்டிகேப் ஏறத்தாழ 18. முடிவில் மொத்தத்திலிருந்து அந்த 18ஐக் கழிப்பார்கள். 90 அடி அடித்தவருக்கு 72 என்று கணக்கு. அப்பாவும் மகளும், நேற்றுப் பழகியவரும் முப்பது வருடம் ஆடியவரும் ஒரே நாளில் ஒரே மைதானத்தில் உண்மையாகவே போட்டி போடலாம். 2020இல் உலகத்துக்கெல்லாம் ஒரே ஹேண்டிகேப் முறை வந்தது. அதன்படி 54 வரை சலுகை உண்டு. கிரிக்கெட்டிலோ கபடியிலோ பலவீனமானவனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோமே தவிர, அவன் ஜெயிக்க வழி வைத்ததில்லை. பணக்காரர் ஆட்டம் என்று நாம் ஒதுக்கிய ஒன்றின் நடுவில் இப்படி ஒரு நியாயம் இருக்கிறது.

ஆனால் அந்த நியாயம் பையைச் சுமந்தவர்களுக்குக் கிடைத்ததா என்று கேட்க வேண்டும். ‘கேடி’ என்ற சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் போய், எடின்பரோ தெருக்களில் கூலிக்குச் சாமான் சுமப்பவரைக் குறித்து, பிறகு மைதானத்துக்கு வந்தது. இந்தியாவில் இன்னொரு சொல் சேர்ந்தது: ‘ஆகேவாலா’. பந்து விழப்போகும் இடத்துக்கு முன்னாலேயே ஓடிப்போய் நின்று, புதருக்குள் போனாலும் கண்டுபிடித்துக் கொடுப்பவர். கொல்கத்தாவில் 1829லேயே கோல்ஃப் கிளப் வந்துவிட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழையது அதுதான். கொடைக்கானலில் 1895. ஊட்டியிலும் சென்னைக் கிண்டியிலும் வெள்ளைக்காரர் காலத்திலேயே மைதானங்கள் அமைந்தன. அங்கெல்லாம் பை சுமந்தவர்கள் உள்ளூர்ப் பிள்ளைகள். பல கிளப்களில் அவர்கள் மட்டையைத் தொட்டு ஆட வாரத்தில் ஒரு நாள் கிடைத்தால் அதிகம்.

இருந்தும் அவர்கள் ஆட்டத்தைக் கற்றார்கள். டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009இல் அதே பட்டத்தை வென்றார். கொல்கத்தா மைதானத்தின் புல்தரைப் பராமரிப்பாளர் மகன் சௌராசியா 2016, 2017 என்று அடுத்தடுத்து வென்றார். குழிக்கு அருகே பந்தை மெல்லத் தூக்கிப் போடும் ‘சிப்’பிலும், உருட்டிவிடும் ‘பட்’டிலும் அவருக்குள்ள கைவண்ணத்துக்காகச் சக ஆட்டக்காரர்கள் அவர் பெயரையே ‘சிப்புட்சியா’ என்று மாற்றிவிட்டார்கள். கோல்ஃப் அகராதியில் ஓர் இந்தியப் பெயர் நுழைந்த விதம் அது.

கேடிகள் ஆட்டக்காரருக்குச் சொல்லும் அளவுகளே தனி. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர்; அதையே அளவுகோலாக்கி, ‘ஒரு கப் லெஃப்ட்’ என்றால் குழிக்கு இடப்புறம் ஒரு குழி அகலம் தள்ளிக் குறி வை, சரிவு பந்தை உள்ளே கொண்டுபோகும் என்று பொருள். கிரீனின் சாய்வைக் கண்ணால் படித்துச் சொல்லும் இந்த அறிவு எந்தப் பாடநூலிலிருந்தும் வந்ததில்லை. தமிழ் பேசும் கேடிகள் அதைத் தமிழில் எப்படிச் சொன்னார்கள், புல் படியும் திசைக்கு என்ன பேர் வைத்தார்கள், மோசமாக ஆடும் துரையைத் தமக்குள் எப்படிக் குறிப்பிட்டார்கள் என்பதெல்லாம் உண்மையான தமிழ்க் குழூஉக்குறி. தேவநேயப் பாவாணர் நம் தெரு விளையாட்டுகளின் பெயர்களையும் ஆடும் முறைகளையும் வட்டாரம் வட்டாரமாகத் திரட்டித் ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்று நூலாகத் தந்தார். கிண்டியிலும் கொடைக்கானலிலும் ஊட்டியிலும் ஐம்பது வருடம் பை சுமந்த பெரியவர்களிடம் இதே வேலையை யாராவது இப்போதே தொடங்க வேண்டும். தமிழ்த்துறையில் ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்களே, ஓர் ஒலிப்பதிவுக் கருவியோடு அந்தக் கேடி நிழற்கூடங்களுக்குப் போய் உட்காருங்கள். விளையாட்டுப் பக்க ஆசிரியர்களிடம் என் கோரிக்கை சிறியது: அதிதியோ இன்னொரு பிள்ளையோ அடுத்த முறை ஆடும்போது, செய்திக்குக் கீழே பார், பேர்டி, போகி மூன்றுக்கும் மூன்று வரி விளக்கம் போடுங்கள்.