பொடி வாங்கித் தரும் கை அரைமணி நேரத்தையும் தரட்டும்

சின்னசேலம், கச்சிராயபாளையம் பக்கங்களிலிருந்து எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் அறுபது வயது கடந்த தாய்மார்கள் பலர், மருந்துச் சீட்டுடன் ஒரு சிறு பொட்டலத்தையும் முந்தானையில் முடிந்து வருகின்றனர். வயிற்றுச் சதை கரையும் என்று சொல்லி விற்கப்பட்ட மூலிகைப் பொடி அது. வாங்கித் தந்தவர் பெரும்பாலும் மகனோ மருமகளோதான். அந்த அன்பை நாங்கள் குறை கூறவில்லை. அது சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை என்பதே எங்கள் வருத்தம்.

மாதவிடாய் நின்றபின் பெண்ணுடலில் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. தசை மெல்ல மெல்லக் குறைகிறது. உண்ட சோற்றிலிருந்து இரத்தத்தில் கலக்கும் சர்க்கரையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது தசைதான். தசை தேய்ந்தால் சர்க்கரை இரத்தத்திலேயே தங்கும். பேதியாகச் செய்யும் பொடியை உண்டு எடை இரண்டு கிலோ இறங்கினால், இறங்கியது பெரிதும் நீரே. வயிற்றுக் கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைக்கத் தக்கது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடைப்பயிற்சியும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களில் அது ஏறத்தாழ 39 பேராகக் குறைந்தது. அவர்களுடைய எடையோ குறிப்பிடும்படி குறையவில்லை! எடை இயந்திரத்தின் முள் அசையவில்லையே என்று நடப்பதை நிறுத்திவிடும் அம்மாக்களுக்கு நாங்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அந்த ஆய்வில் பெண்கள் 110 பேரே, அனைவரும் நடுவயதினர் என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் வீட்டுப் பாட்டிமார்களை ஆய்வுகளும் சற்று மறந்தே போகின்றன.

மூலிகைக்கு நாங்கள் பகைவர்கள் அல்லர். கல்வராயன் மலைக் கடுக்காயின் பெருமை நம் மாவட்டத்தார் அறிந்ததே. கடுக்காயின் கொட்டையை நீக்கியே பயன்படுத்த வேண்டும் என்று அறிந்த முன்னோர், எதையும் அளவும் முறையும் அறிந்தே உண்டனர். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் நாக்கில் இனிப்பே தெரியாது. சர்க்கரையை ஓரளவு குறைப்பதாகச் சிறு ஆய்வுகளும் உண்டு. அச்சம் அங்கேதான் இருக்கிறது. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்ளும் மூதாட்டி, சொல்லாமல் இதையும் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து மயங்கி விழக்கூடும். செறிவூட்டிய பச்சைத் தேயிலைச் சாறு, கொடம்புளி மாத்திரை ஆகியவற்றால் கல்லீரல் பழுதடைந்தவர்கள் உண்டு. மூலிகை என்ற பெயரில் விற்கப்பட்ட எடைக்குறைப்பு மருந்துகள் சிலவற்றில், இதயத்துக்குத் தீங்கென்று இந்தியாவில் 2011இல் தடை செய்யப்பட்ட சிபூட்ரமின் கலந்திருந்ததை உலகின் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். வெந்தயத்தைச் சமையலில் தாராளமாகச் சேர்க்கலாம். பெயர் ஒட்டாத டப்பா மட்டும் வேண்டாம்.

வெள்ளிமலையிலிருந்து வரும் தாய்மார்கள், "நாங்கள் நடக்காத நடையா?" என்று சிரிப்பார்கள். உண்மைதான். மலையேறி விறகு சுமந்த கால்களுக்கு யாரும் நடக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கள்ளக்குறிச்சியில் மகன் வீட்டுக்கு இறங்கி வந்ததும் நடை நின்றுவிடுகிறது. சாமைச் சோறும் நின்று, மூன்று வேளையும் வெள்ளை அரிசியாகிறது.

உலக சுகாதார நிறுவனம் முதியோருக்குச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு, இரு நாட்களாவது தசை வலுவூட்டும் பயிற்சி, நிலைதடுமாறாதிருக்கவும் பயிற்சி. முழங்கால் வலி உள்ளவர்கள் உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கை ஊன்றாமல் எழுந்து மீண்டும் அமரலாம். ஐந்து முறையில் தொடங்கினால் போதும். சுவரில் கை ஊன்றித் தள்ளலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். இதய நோய் உள்ளவர்கள் எங்களைக் கேட்டபின் தொடங்கட்டும்.

இனி வீட்டாரிடம் ஒரு கேள்வி. காலை ஆறு மணிக்கு அடுப்பும் குழந்தையும் அந்த அம்மாவின் கையில்தானே இருக்கின்றன? அவர் எப்போது நடப்பது? அந்த அரைமணி நேரம் அடுப்படியை வேறொருவர் ஏற்க வேண்டும். தெருநாய்க்கும் ஊர்ப்பேச்சுக்கும் அஞ்சுபவருடன் ஒருவர் துணை நடக்க வேண்டும். பொடிக்குச் செலவிடும் பணத்தில் காலுக்குப் பொருந்தும் நல்ல செருப்பு வாங்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு அது மருந்துக்கு நிகர்.

அடுத்த முறை வரும்போது பொட்டலத்தையும் மறைக்காமல் கொண்டு வாருங்கள். கடிந்துகொள்ள மாட்டோம். மாத்திரைகளோடு சேர்த்துப் பார்த்து, வேண்டுமாயின் சித்த மருத்துவரையும் கலந்து, எதை வைத்துக்கொள்வது எதை விடுவது என்று சொல்வோம்.