நோய் தமிழனுக்கு, நோயறிவு மட்டும் ஆங்கிலத்துக்கா?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பொறியோடு பொறியாய்த் தேயும் தொழிலாளி ஒருவர்க்கு என்புருக்கி நோய் காண்கிறது. ஆறு திங்கள் மருந்துண்ண வேண்டும் என்கின்றனர். இரண்டு திங்களில் இருமல் நிற்கிறது, காய்ச்சல் தணிகிறது. "நோய்தான் போயிற்றே, இன்னும் மருந்து எதற்கு?" என்கிறார் அவர். அறிவுள்ள வினா! அதற்கு உயிர்வேதியியல் தெளிவான விடை வைத்திருக்கின்றது. ஆனால், 'விடாமல் உண்' என்னும் கட்டளை மட்டுமே அவர்க்குத் தமிழில் வருகின்றது. அதன் கரணியம் ஆங்கிலத்திலேயே தங்கிவிடுகின்றது.

அவ்விடை தமிழுக்கு அடங்காததா? இதோ கூறுகின்றோம், கேண்மின்!

என்புருக்கி நுண்ணுயிர் தன்னைச் சுற்றி மெழுகு போலும் கொழுப்பு மதில் ஒன்றை எழுப்பிக்கொண்டு வாழ்வது. அம்மதிலுக்குரிய நீண்ட கொழுப்புக் காடிகளைச் செய்ய அதற்கு ஒரு நொதி வேண்டும். நொதி என்பது புரதம். அமினக் காடிகள் மணிகளாய்க் கோக்கப்பெற்று, மடிந்து அமைந்த கருவி. 1952 முதல் மருத்துவத்தில் வழங்கும் ஐசோனியாசிடோ பதினேழே அணுக்களாலான சிறு மூலக்கூறு. நுண்ணுயிருக்குள் புகும்போது அதற்குக் கூர் இல்லை. நுண்ணுயிரின் மற்றொரு நொதியே அதனைக் கூர்தீட்டி விடுகின்றது. கூரேறிய மருந்து, அவ்வுயிரணுவிலுள்ள துணைப்பொருள் ஒன்றோடு இணைந்து, மதில் கட்டும் நொதியின் வினைக்குழியை அடைத்துக்கொள்கின்றது. மதில் எழாது, நுண்ணுயிர் மடியும்.

கூர்தீட்டும் அந் நொதியில் 740 அமினக் காடிகள் உள. அவற்றுள் 315ஆம் இடத்துச் செரீன் என்பது திரியோனீன் என மாறினாற் போதும். மருந்து கூரேறுவது அரிதாகிவிடும். இத்தகைய மாற்றமுற்றவை பெருந்திரளான நுண்ணுயிர்களிடையே ஒன்றிரண்டாய் இயல்பாகவே தோன்றும். ஆதலின்தான் பல மருந்துகளைச் சேர்த்துத் தருகின்றனர். ஒன்றுக்குத் தப்பியதை மற்றொன்று வீழ்த்தும். உறங்கிக் கிடப்பவை இருமல் நின்ற பின்னும் உள்ளே எஞ்சியிருத்தலின்தான் ஆறு திங்கள். இடையில் விட்டால் எஞ்சியவை பெருகும். ஒழுங்கின்றி உண்டால் மருந்துக்கு அடங்காதவையே பெருகும். வீட்டிலுள்ள குழந்தைக்கும் அவையே தொற்றும்.

இதில் எச்சொல் அத் தொழிலாளிக்கு விளங்காது? மாவு நொதிப்பதைக் காணாத தமிழ் வீடும் உண்டோ?

இவ்வறிவு கடலுக்கப்பால் மட்டும் விளைந்ததும் அன்று. நோயர் நெடுநாள் மருத்துவ விடுதியிற் கிடக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்துண்டு நலம் பெறலாம் என்பதை உலகுக்கு மெய்ப்பித்தது, 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு. புரதத் தொடர் எவ்வெக் கோணங்களில் மடங்க இயலும் என்பதை 1963இல் வரைந்து காட்டியவர், சென்னைப் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் கோ. நா. இராமச்சந்திரனும் அவர்தம் குழுவினரும். ஆவடியிலிருந்த தொழுநோய்க் களப்பிரிவை ஒரு கூறாய்க் கொண்டு 1999இல் உருவான நடுவணரசின் நோய்ப்பரவலியல் நிறுவனம் அயப்பாக்கத்தில் இன்றும் இயங்குகின்றது. தமிழக அரசும் அந்நிறுவனமும் 2022இல் தொடங்கியது 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்'. நலிவு மிக்க நோயரை உடனே பிரித்தறிந்து காக்கும் நற்பணி, போற்றுகின்றோம்! ஆனால் அப்பெயரும் 'டிஎன்-கெட்' என ஆங்கில முதலெழுத்துகளாய்த் தேய்ந்ததே! காசம் வடசொல், என்புருக்கி என்றிருக்கலாம். அது கிடக்க, இருந்த தமிழையேனும் விட்டுவைக்கக் கூடாதா?

'தமிழில் சொல் இல்லை' என்பார்க்கு ஒன்று சொல்வோம். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மருத்துவர் கிறீன் சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார். அவரது வேதியியல் நூல் 1875இல் தமிழில் வந்தது. அதற்கிட்ட 'கெமிசுதம்' என்னும் பெயர் நமக்கு ஒவ்வாததே. ஆயினும் அயலவர் கொண்ட துணிவு நம் பேராசிரியர்க்கு இல்லையே! மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் கண்ட அதே 1916இல், சேலத்தில் இராசாசி முதலானோர் அறிவியற் சொல்லாக்கத்திற்கு ஓர் அமைப்புக் கண்டனர். அதன் பெயர் 'தமிழ்ச் சாத்திர பரிபாசைச் சங்கம்'. தமிழுக்குச் சொல்லாக்க வந்த அமைப்பின் பெயரில் 'தமிழ்' ஒன்றே தமிழ்! அந்நிலையைக் கடந்து நொதியும் காடியும் உயிரணுவும் இன்று வழக்கேறிவிட்டன. சொற்கள் உள, எழுதும் கைகளே இல.

நம்மவர்க்கும் ஒரு சொல். ஒரு சொல்லின் வேர் தமிழா அன்றா என ஆண்டுக்கணக்கில் வழக்காடுகின்றோம். வழக்காடுக, அது வேண்டியதே. ஆனால் அச்சொல்லை வைத்து என்புருக்கி நோயர்க்கு ஒரு பக்கமேனும் எழுதினோமா? எழுதாத தனித்தமிழ், உறையிலிருக்கும் வாள்.

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை நெடுகிலும் மருத்துவக் கல்லூரிகள் எழுந்துள்ளன. புரதங்களையும் சிறு மூலக்கூறுகளையும் அங்கே பயிலும் தமிழிளைஞர் பலர். அவர்களை நோக்கிக் கேட்கின்றோம்: பன்னாட்டு ஆய்விதழ்க்கு ஆங்கிலத்தில் எழுதுங்கள், தடுப்பாரில்லை. எழுதிய ஒவ்வோர் ஆய்வுக்கும் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். அரசே! மருந்தோடு அதன் கரணியத்தையும் தூய தமிழில் அச்சிட்டு நோயர் கையிற் கொடு!

கட்டளைக்குப் பணிபவன் கட்டளையிடுவோன் அகன்றதும் மறப்பான். கரணியம் அறிந்தவன் தானே காத்துக்கொள்வான். தமிழில் அறிவியல் என்பது மொழிப்பற்று மட்டுமன்று, உயிர்காப்பு! எழுதுக இன்றே!